பெஸ்ஸராபியா: ஒரு பழைய ரஷ்ய மாகாணத்தின் எல்லையும் மக்கள்தொகையும்

ஐரோப்பாவின் தென்கிழக்கில், புரூத், தினீஸ்தர் என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடையில், தெற்கே டான்யூப் கழிமுகத்தையும் கருங்கடலையும் தொட்டுக்கொண்டு கிடக்கும் நிலம் 1812 முதல் 1917 வரை ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் பெஸ்ஸராபியா என்னும் பெயரில் ஓர் ஆட்சிப் பிரிவாக இருந்தது. இன்று அந்தப் பெயரில் நாடு எதுவும் இல்லை. ஆனாலும் உக்ரைன், மால்டோவா, ருமேனியா பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அந்தப் பெயரும் கூடவே எழுகிறது. அப்போது மூன்று பிழைகள் தவறாமல் வருகின்றன. பெயரின் ஒலியை வைத்து அதற்கு அரபு நாட்டோடு தொடர்பு இருப்பதாகச் சிலர் எண்ணுகிறார்கள். பெஸ்ஸராபியாவும் இன்றைய மால்டோவாவும் ஒன்றே என்று பலர் எழுதுகிறார்கள். மூன்றாவது பிழை இவற்றைவிட ஆழமானது. அந்த மாகாணத்தின் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து ஒரே ஒரு விழுக்காட்டைப் பிய்த்தெடுத்து, அந்த மண் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

முதல் பிழையைத் திருத்த ஒரு பத்தி போதும். மற்ற இரண்டுக்கும், எல்லை என்றால் என்ன, கணக்கெடுப்பு என்றால் என்ன என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பெயர் எங்கிருந்து வந்தது

டான்யூபுக்கு வடக்கே இருந்த வாலாக்கியா என்னும் சிற்றரசை ஆண்ட பரம்பரைக்குப் பசரப் என்று பெயர். அந்தப் பரம்பரையின் ஆட்சி ஒரு காலத்தில் எட்டிய கடலோரத் தென்பகுதிக்கு மட்டுமே முதலில் பெஸ்ஸராபியா என்ற பெயர் வழங்கியது. துருக்கிய மொழியில் புஜாக், அதாவது மூலை, என்று சொல்லப்பட்டதும் அதே பகுதிதான். வடக்கே இருந்த பெரும்பகுதி வேறொரு சிற்றரசான மொல்டாவியாவைச் சேர்ந்தது. 1812க்குப் பிறகு ரஷ்ய அதிகாரிகள் தெற்கின் பெயரை இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் முழுமைக்கும் நீட்டினார்கள். ஆகவே பெயரில் உள்ள ‘ராபியா’வுக்கும் அரபியாவுக்கும் எந்த உறவும் இல்லை. வடக்கில் வாழ்ந்த ஒரு குடியானவர் தம் ஊரைப் பெஸ்ஸராபியா என்று அழைத்திருக்கவே மாட்டார். அந்தப் பெயர் அவருக்கு மேலிருந்து வந்து சேர்ந்தது.

வேலி போட்டது எப்படி

ஒரு பெரிய தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓர் ஓடை ஓடுகிறது. ஓடைக்குக் கிழக்கே உள்ள பாதியை வேறொருவர் எடுத்துக்கொண்டு வேலி போடுகிறார். மரங்கள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. வேர்கள் ஓடைக்கு அடியில் இரு பக்கமும் ஓடுகின்றன. ஆனால் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இனி இரண்டு தோப்புகள்.

புரூத் ஆறுதான் அந்த ஓடை. மொல்டாவியா சிற்றரசு அதன் இரு கரைகளிலும் பரவியிருந்தது. அதற்கென்று இளவரசர் இருந்தார் என்றாலும் அது துருக்கியை ஆண்ட ஒட்டோமான் சுல்தானுக்குத் திறை செலுத்திய அரசு. கடலோரத்துக் கிலியா, அக்கெர்மான் கோட்டைகளை ஒட்டோமான்கள் 1484இலேயே கைப்பற்றிவிட்டார்கள். தினீஸ்தர் கரையிலுள்ள பெந்தேரி 1538இல் அவர்கள் கைக்குப் போனது. 1806இல் தொடங்கிய ரஷ்ய–துருக்கிப் போர் 1812 மே மாதம் புக்கரெஸ்ட் உடன்படிக்கையில் முடிந்தது. நெப்போலியனின் படை வாசலுக்கு வந்துவிட்ட வேளையில் ரஷ்யாவுக்குத் தெற்கில் அவசரமாக அமைதி தேவைப்பட்டது. உடன்படிக்கையின்படி புரூத்துக்குக் கிழக்கே உள்ள மொல்டாவிய நிலமும், துருக்கியர் நேரடியாக வைத்திருந்த கோட்டைகளும் புஜாக்கும் ரஷ்யாவுக்குப் போயின. மேற்குப் பாதி மொல்டாவியாவாகவே தொடர்ந்து, 1859இல் வாலாக்கியாவோடு இணைந்து, பின்னர் ருமேனியா ஆனது. ஒரே மொழி பேசிய, ஒரே திருச்சபையைச் சேர்ந்த மக்கள் ஒரு கையெழுத்தில் இரண்டு பேரரசுகளின் குடிகளானார்கள்.

புதிய நிலத்தை ரஷ்யா முதலில் ஒப்லாஸ்து என்னும் வகையில் வைத்தது. ஒப்லாஸ்து என்பது தனிச் சலுகைகளோடும் தனி விதிகளோடும் நடத்தப்பட்ட எல்லைப்புற ஆட்சிப் பகுதி. 1818இல் முதலாம் அலெக்சாந்தர் வழங்கிய சட்டம் உள்ளூர் வழக்கங்களுக்கும் மொழிக்கும் இடம் கொடுத்தது. பத்தாண்டுக்குள், 1828இல், முதலாம் நிக்கலாஸ் அந்தத் தன்னாட்சியை நீக்கினார். 1870களின் தொடக்கத்தில் பெஸ்ஸராபியா குபேர்னியா ஆக்கப்பட்டது. சார் மன்னர் நியமிக்கும் ஆளுநரின் கீழ், பேரரசின் உட்பகுதிகளைப் போலவே ஆளப்படும் சாதாரண மாகாணமே குபேர்னியா. அது உயேஸ்து என்னும் வட்டங்களாகப் பிரிக்கப்படும். பெஸ்ஸராபியாவில் எட்டு வட்டங்கள் இருந்தன: வடக்கிலிருந்து தெற்காகக் கோத்தின், சொரோகி, பெல்த்சி, ஒர்கேயெவ், கிஷினேவ், பெந்தேரி, அக்கெர்மான், இஸ்மாயில்.

இடையில் வேலி ஒருமுறை நகர்ந்து திரும்பியது. கிரிமியப் போரில் தோற்ற ரஷ்யா, 1856 பாரிஸ் உடன்படிக்கையின்படி இஸ்மாயில், போல்கிராத், ககூல் ஆகிய தென்பகுதிகளை மொல்டாவியாவுக்கு விட்டுக்கொடுத்தது. 1878 பெர்லின் மாநாட்டில் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளைச் சேர்ந்த ‘பெஸ்ஸராபிய மக்கள்தொகை’ எதைப் பார்த்தாலும் அதில் இந்தத் தெற்கு இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். அப்போது எண் குறைந்திருப்பதைக் கண்டு மக்கள் செத்தார்கள் என்றோ ஓடினார்கள் என்றோ முடிவு கட்டினால், வேலி நகர்ந்ததை மறந்தவர்கள் ஆவோம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பெஸ்ஸராபியா தானாக வளர்ந்த நாடு அன்று, ஒரு பழைய சிற்றரசின் கிழக்குப் பாதியையும் ஒரு கடலோரப் புல்வெளியையும் சேர்த்து 1812இல் வெட்டியெடுக்கப்பட்ட ஆட்சிப் பிரிவு.

காலியாக்கப்பட்ட தெற்கில் குடியேறியவர்கள்

மக்கள்தொகையைப் புரிந்துகொள்ள இந்தக் கடலோரப் புல்வெளியில் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மாகாணத்தின் முகம் மாறியது இங்கேதான். புஜாக்கில் அதுவரை கால்நடை மேய்த்து வாழ்ந்தவர்கள் நோகாய் தாத்தாரியர் என்னும் முஸ்லிம் மக்கள். 1806 தொடங்கி 1812 வரை நடந்த போரின்போது ரஷ்ய அரசு அவர்களை அங்கிருந்து வெளியேற்றியது. பின்னாளில் ‘வெறும் நிலத்தில் குடியேற்றம்’ என்று எழுதப்பட்ட வரிகளுக்கு அடியில் இந்த மக்களின் வெளியேற்றம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அந்த இடத்துக்கு டான்யூபின் தெற்குக் கரையிலிருந்து, துருக்கிய ஆட்சியை விட்டுப் பல்கேரியர்களும், துருக்கிய மொழிக்கு உறவான மொழி பேசும் கிறிஸ்தவர்களான ககவூஸ்களும் வந்தார்கள். பல்கேரியர்களின் முதன்மை ஊரான போல்கிராத் 1821இல் அமைந்தது. 1813 நவம்பரில் முதலாம் அலெக்சாந்தர் வெளியிட்ட அழைப்பை ஏற்று, போலந்துப் பகுதிகளிலும் தென்மேற்கு ஜெர்மனியிலும் வாழ்ந்த ஜெர்மானியர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். குடும்பத்துக்கு 60 தெஸ்யாதீனா, அதாவது ஏறக்குறைய 65 ஹெக்டேர் நிலம், பத்தாண்டு வரிவிலக்கு, படைச்சேவையிலிருந்து விலக்கு என்பன அவர்களுக்குத் தரப்பட்ட வாக்குறுதிகள். அவர்களுடைய ஊர்ப் பெயர்களைப் படித்தாலே அந்தக் காலம் கண்முன் நிற்கிறது: பொரோதினோ, தாருத்தினோ, கிராஸ்னா, லைப்சிக், பாரிஸ், பிரியென். எல்லாம் நெப்போலியனுக்கு எதிரான போர்க்களங்களும் வெற்றிகளும். புல்வெளியில் வீடு கட்டிய ஓர் உழவர் தம் ஊரின் பெயர் பாரிஸ் என்று சொல்ல நேர்ந்தது இப்படித்தான். அந்தக் குடியேறிகளிடம் ஒரு பழமொழி இருந்தது: முதல் தலைமுறைக்குச் சாவு, இரண்டாம் தலைமுறைக்கு வறுமை, மூன்றாம் தலைமுறைக்கு ரொட்டி. 1822இல் சுவிட்சர்லாந்தின் வோ பகுதியிலிருந்து திராட்சை பயிரிடுவோர் வந்து அக்கெர்மானுக்கு அருகே சாபோ என்னும் ஊரை நிறுவினார்கள். அங்கே இன்றும் திராட்சைத் தோட்டங்கள் உண்டு.

வடக்கே உக்ரைனியர்கள் ஏற்கெனவே கணிசமாக வாழ்ந்தார்கள். அவர்களோடு புதியவர்களும் சேர்ந்தார்கள். யூதர்களின் வருகைக்கு வேறொரு காரணம் இருந்தது. ரஷ்யப் பேரரசின் உள்மாகாணங்களில் குடியிருக்க அவர்களில் பெரும்பாலோருக்கு அனுமதி இல்லை. மேற்கு, தென்மேற்கு மாகாணங்களில் மட்டுமே வாழலாம் என்ற வரம்பு இருந்தது. அந்தக் குடியிருப்பு எல்லைக்குள் பெஸ்ஸராபியாவும் அடங்கியது. நகரங்களிலும் சிறு சந்தையூர்களிலும் கைவினை, வணிகம், கூலிவேலை என்று அவர்கள் வாழ்ந்தார்கள்.

1817: வீட்டுக்கு ஐந்து பேர்

கல்யாணத்துக்குச் சமையல் பேசும்போது யாரும் விருந்தினர்களைத் தலைதலையாக எண்ணுவதில்லை. நானூறு வீட்டுக்குப் பத்திரிகை வைத்திருக்கிறோம், வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் இரண்டாயிரம் இலை என்று ஒரு மதிப்பீடு போடுகிறோம். அது பொய்க் கணக்கு அன்று, ஆனால் தலை எண்ணிய கணக்கும் அன்று.

1817இல் ரஷ்ய நிர்வாகம் பெஸ்ஸராபியாவில் எடுத்த கணக்கும் இத்தகையதே. பரவலாக மேற்கோள் காட்டப்படும் அதன் தொகை 4,82,630 மக்கள், குடும்பங்கள் 96,526. கையில் ஒரு தாளை எடுத்து 96,526ஐ ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். மிகச் சரியாக 4,82,630 வருகிறது. அதாவது, கடைசி இலக்கம் வரை துல்லியமாகத் தோன்றும் அந்த மக்கள்தொகை எண்ணின் பின்னால், வீட்டுக்கு ஐந்து பேர் என்ற ஊகம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஒரு குடும்பத்தில் உண்மையில் நான்கு பேரா ஆறு பேரா என்பதைப் பொறுத்து மொத்தம் ஏறக்குறைய ஒரு லட்சம் ஏறவோ இறங்கவோ கூடும்.

அந்தக் கணக்கில் மொல்டாவியக் குடும்பங்கள் 83,848. மொத்தத்தில் 86 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இந்த 86தான் ஒரு தரப்பு வாதங்களில் திரும்பத் திரும்ப வரும் எண். இது குடும்பங்களின் விழுக்காடு. தெற்கில் பெருங்குடியேற்றம் நிகழ்வதற்கு முந்தைய நிலையைக் காட்டுவது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அந்த எண் பயனுள்ளது, சொல்லாவிட்டால் குழப்புவது.

1897: ஒரே நாளில் ஒரு பேரரசு

ரஷ்யப் பேரரசு முழுவதும் நடந்த முதலும் கடைசியுமான பொதுக் கணக்கெடுப்பு 1897 ஜனவரி 28ஐ மையநாளாகக் கொண்டது. அது அன்றைய ரஷ்யாவின் பழைய நாட்காட்டி. நம் நாட்காட்டியில் பிப்ரவரி 9. இம்முறை குடும்பங்களை எண்ணிப் பெருக்கவில்லை. வீடுவீடாகச் சென்று ஒவ்வொருவரையும் பெயர், வயது, சமூகப் படிநிலை, சமயம், தாய்மொழி, எழுத்தறிவு, தொழில் என்று பதிந்தார்கள். மன்னர் இரண்டாம் நிக்கலாஸும் படிவம் நிரப்பினார். தொழில் என்ற இடத்தில் ‘ரஷ்ய மண்ணின் எஜமானர்’ என்று எழுதினார்.

கேட்கப்பட்ட கேள்விகளின் பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்தால் ஒன்று புலப்படும். ‘நீங்கள் எந்த இனத்தவர்’ என்ற கேள்வியே அதில் இல்லை. தாய்மொழி எது என்றுதான் கேட்டார்கள். பிற்காலத்தார் அந்த விடையை இனக் கணக்காக எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் பல வேளைகளில் ஒத்துப்போகும். சில வேளைகளில் விலகும். நகரத்துக்குக் குடிபெயர்ந்து இரண்டு தலைமுறையாக ரஷ்ய மொழியே பேசும் ஒரு மொல்டாவியக் குடும்பம் இந்தக் கணக்கில் ரஷ்ய மொழியினர் பத்தியில்தான் விழும்.

மாகாணத்தின் மொத்த மக்கள்தொகை 19,35,412. தாய்மொழி வாரியாக, மொல்டாவிய, ருமேனிய மொழியினர் 9,20,919 பேர், அதாவது 47.6 விழுக்காடு. அன்று சிறுரஷ்ய மொழி என்று அரசு குறித்த உக்ரைனிய மொழியினர் 3,79,698. இத்திஷ் மொழி பேசிய யூதர்கள் 2,28,168. ரஷ்ய மொழியினர் 1,55,774. பல்கேரிய மொழியினர் 1,03,225. ஜெர்மன் மொழியினர் 60,206. துருக்கிய மொழியினர் 55,790. எஞ்சியோர் போலந்தியர், ரோமா மக்கள், ஆர்மேனியர், கிரேக்கர் முதலியோர்.

இந்தப் பட்டியலின் கடைசி எண்ணை மட்டும் அருகில் சென்று பார்ப்போம். கணக்கேட்டில் துருக்கிய மொழியினர் என்று பதியப்பட்டவர்களில் பெரும்பாலோர் ககவூஸ்கள். அவர்களுடைய மொழி துருக்கிய மொழியின் நெருங்கிய உறவு. சமயமோ கிழக்குத் திருச்சபைக் கிறிஸ்தவம். மொழிப் பத்தியை மட்டும் பார்ப்பவர் அவர்களை இஸ்லாமியத் துருக்கியர் என்று எண்ணிவிடுவார். சமயப் பத்தியை மட்டும் பார்ப்பவரோ அவர்களை ரஷ்யர், மொல்டாவியர், பல்கேரியர் கூட்டத்தில் கரைத்துவிடுவார். தங்களுக்கென்று ஒரு பெயர் உள்ள ஒரு மக்கள், படிவத்தில் அதற்கான கட்டம் இல்லாததால் ஏட்டில் மறைந்தே போனார்கள். 1930இல் ருமேனிய அரசு எடுத்த கணக்கெடுப்பில் இனம் என்ற கேள்வியும் சேர்ந்தது. அப்போது பெஸ்ஸராபியாவின் மொத்தம் 28,64,402, ககவூஸ் என்று பதியப்பட்டவர்கள் 98,172, ருமேனியர் 56.2 விழுக்காடு. ருமேனியரின் பங்கு 47.6இலிருந்து 56.2க்கு உயர்ந்தது என்று இரண்டு எண்களையும் நேராக ஒப்பிடுவோர் பலர். ஒன்று தாய்மொழிக்கான விடை, மற்றது இனத்துக்கான விடை, கேட்ட அரசுகளும் வேறு என்பதைப் பக்கத்திலேயே எழுதாமல் அந்த ஒப்பீட்டைச் செய்யக் கூடாது.

இந்தப் பகுதியின் சாரம்: 1817 குடும்பங்களை எண்ணியது, 1897 ஆட்களை எண்ணி அவர்களுடைய தாய்மொழியைக் கேட்டது, 1930 இனத்தையும் கேட்டது.

86 எப்படி 47.6 ஆனது

மொல்டாவியர்கள் அழிக்கப்பட்டார்கள், அதனால்தான் பங்கு பாதியானது என்பது அடிக்கடி கேட்கும் விளக்கம். எண்களை விழுக்காடாகப் பார்க்காமல் ஆட்களாகப் பார்த்தால் வேறு காட்சி தெரிகிறது. 83,848 குடும்பங்களை ஐந்தால் பெருக்கினால் 1817இல் மொல்டாவியர் ஏறக்குறைய 4,19,000 பேர். 1897இல் 9,20,919. எண்பது ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல். அதே எண்பது ஆண்டுகளில் மற்றவர்கள் ஏறக்குறைய 63,000இலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் போனார்கள். அது பதினாறு மடங்கு. ஒரு வகையினர் பிறப்பினால் மட்டும் பெருகும்போது, மற்றவர்கள் பிறப்பினாலும் வருகையினாலும் பெருகினால், முதல்வகையினரின் எண்ணிக்கை கூடிக்கொண்டே பங்கு குறையும். விழுக்காட்டின் இயல்பான நடப்பு அதுதான்.

இதற்காக, அரசுக் கொள்கைக்கு இதில் பங்கில்லை என்று சொல்வதும் தவறு. யாரை அழைப்பது, யாருக்கு நிலம் கொடுப்பது என்று முடிவு செய்தது அரசு. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பள்ளிகளிலிருந்து மக்களின் மொழியை விலக்கியதும் அதே அரசு. அதன் விளைவு எழுத்தறிவில் தெரிந்தது: 1897இல் மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய 15.6 விழுக்காடு, மொல்டாவியரிடையே அது அதைவிட மிகக் குறைவு.

மாகாணச் சராசரி இன்னொன்றையும் மறைக்கிறது. நடுவிலுள்ள ஒர்கேயெவ் வட்டத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மொல்டாவிய மொழியினர். வடக்குக் கோத்தினில் பாதிக்கு மேல் உக்ரைனிய மொழியினர். தெற்கு அக்கெர்மானில் யாருமே பெரும்பான்மை இல்லை. உக்ரைனியர், பல்கேரியர், ஜெர்மானியர், மொல்டாவியர் என்று ஊருக்கு ஊர் மொழி மாறியது. தலைநகர் கிஷினேவில் 1,08,483 பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் யூதர்கள், மொல்டாவிய மொழியினர் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. நாட்டுப்புறம் ஒரு மொழியிலும் நகரம் வேறு மொழிகளிலும் பேசிய மாகாணம் அது.

கணக்கேட்டில் ஒரு பத்தியாக இருக்கும் மக்கள், பகையின் இலக்கும் ஆவார்கள். 1903 ஏப்ரலில், ஒரு கிறிஸ்தவச் சிறுவனின் கொலையை யூதர்கள்மீது சுமத்திய பொய்ச் செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் ஊதிப் பெருக்கப்பட, கிஷினேவில் ஈஸ்டர் நாளில் கூட்டம் யூதர் வீடுகளுக்குள் புகுந்தது. 49 பேர் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. அதன்பின் பலர் அமெரிக்காவுக்கும் பாலஸ்தீனத்துக்கும் புறப்பட்டார்கள்.

இன்று அந்த மாகாணம் எங்கே

1917 புரட்சிக்குப் பின் கிஷினேவில் கூடிய நாட்டு மன்றம், 1917 டிசம்பரில் மொல்டாவிய மக்களாட்சிக் குடியரசை அறிவித்தது. 1918 ஏப்ரல் 9 அன்று, ருமேனியப் படைகள் ஏற்கெனவே உள்ளே இருந்த நிலையில், 86 பேர் ஆதரவாகவும் 3 பேர் எதிராகவும் வாக்களிக்க, 36 பேர் வாக்களிக்காமல் இருக்க, ருமேனியாவோடு இணைந்தது. சோவியத் அரசு இதை ஏற்கவே இல்லை. 1924இல் அது தினீஸ்தரின் கிழக்குக் கரையில், உக்ரைனுக்குள்ளேயே, ஒரு மொல்டாவியத் தன்னாட்சிக் குடியரசை உருவாக்கியது. 1940 ஜூனில் இறுதி எச்சரிக்கை விடுத்துப் பெஸ்ஸராபியாவைக் கைப்பற்றியது. அதே ஆண்டு ஏறக்குறைய 93,000 ஜெர்மானியர்கள், மூன்றாம் தலைமுறையின் ரொட்டியையும் விட்டுவிட்டு, ஜெர்மனியோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி வெளியேற்றப்பட்டார்கள். 1941இல் ருமேனியப் படைகளும் ஜெர்மானியப் படைகளும் திரும்பி வந்தபோது யூதர்கள் பல்லாயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள்; எஞ்சியவர்கள் தினீஸ்தருக்கு அப்பால் துரத்தப்பட்டார்கள். சோவியத் அரசு தன் பங்குக்கு 1941 ஜூனிலும் 1949 ஜூலையிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சைபீரியாவுக்கும் கசக்ஸ்தானுக்கும் ரயிலில் ஏற்றியது. 1897இன் பட்டியலை வைத்துக்கொண்டு இன்றைய ஊர்களைத் தேடுபவர், யூதர், ஜெர்மானியர் என்ற இரண்டு பத்திகள் ஏறக்குறைய வெறுமையாக இருப்பதைக் காண்பார்.

இன்றைய மால்டோவாவின் எல்லை வரையப்பட்டது 1940 ஆகஸ்டில். பழைய மாகாணத்தின் வடக்கு நுனியான கோத்தின் பகுதியும் தெற்கே புஜாக்கும் உக்ரைனுக்குக் கொடுக்கப்பட்டன. நடுப்பகுதியோடு தினீஸ்தருக்குக் கிழக்கே ஒரு மெல்லிய கீற்று ஒட்டப்பட்டது. அந்தக் கீற்றுதான் இன்று திரான்ஸ்னிஸ்திரியா என்று செய்திகளில் வருவது. ரஷ்யப் பேரரசின் காலத்தில் அது கெர்சோன், பொதோலியா மாகாணங்களைச் சேர்ந்தது. பெஸ்ஸராபியாவில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள பெந்தேரி நகரம் மட்டும் பழைய பெஸ்ஸராபியாவைச் சேர்ந்தது என்றாலும் இன்று திரான்ஸ்னிஸ்திரியா நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

பழைய மாகாணம் ஏறக்குறைய 45,600 சதுர கிலோமீட்டர். இன்றைய மால்டோவா கிழக்குக் கீற்றையும் சேர்த்து ஏறக்குறைய 33,800. அந்த மாகாணத்துக்கு இருந்த கருங்கடல் கரை முழுவதும் உக்ரைனின் ஒதேசா பிராந்தியத்தில் இருக்கிறது. மால்டோவாவுக்கு எஞ்சியது தென்கோடியில் ஜுர்ஜுலேஷ்ட் என்னும் ஊர். அங்கே டான்யூபின் கரையில் ஒரு கிலோமீட்டர்கூட நிறையாத துண்டு அதற்குச் சொந்தம். அந்தத் துண்டில் ஒரு துறைமுகம் கட்டி, கடலுக்குப் போகும் கப்பல்களை அந்த நாடு அங்கிருந்துதான் அனுப்புகிறது.